பெரியப்பாவின் பெயரும் 18ஆம் படிவமும்

வணக்கம் நேயர்களே.

புதிதாகத் தொடங்கும் தொழில்நுட்பக் கம்பனிகளின் பணிப்பாளர் சபையில் யார் யார் இருக்க வேண்டும், அவர்கள் எந்தெந்தத் துறையிலிருந்து வர வேண்டும் என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் மென்பொருள் எழுதியவள் இல்லை. கொழும்பில் இருபத்திரண்டு வருடமாகக் கம்பனிச் செயலாளராக வேலை செய்கிறேன். சபை கூடும்போது மேசையின் ஓரத்தில் இருந்து கூட்ட அறிக்கை எழுதுவது என் தொழில். யார் என்ன கேட்டார் என்பது அந்த அறிக்கையில் வரும். யார் கடைசிவரை வாய் திறக்கவில்லை என்பது அறிக்கையில் வராது, ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் வெள்ளவத்தையில் உள்ள என் அலுவலகத்துக்கு இரண்டு தம்பிமார் வந்தார்கள். மொறட்டுவையில் ஒன்றாகப் பொறியியல் படித்தவர்கள். ஒருவர் யாழ்ப்பாணம், மற்றவர் பதுளை. மலையகத்து மரக்கறித் தோட்டக்காரரையும் கொழும்புக் கடைக்காரரையும் நேரடியாக இணைக்கும் செயலி ஒன்றைச் செய்கிறார்கள். கம்பனி பதிந்து எட்டு மாதம். பணம் போட ஒருவர் முன்வந்திருக்கிறார். அதற்கு முதல் சபையில் இன்னொருவரைச் சேருங்கள் என்று சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்துத் தம்பி தன் பெரியப்பாவின் பெயரை எழுதிக்கொண்டு வந்திருந்தார். பெரியப்பா அரச சேவையில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர்.

"ஏன் பெரியப்பா?" என்று கேட்டேன்.

"பெரிய பெயர் மிஸ். போட்டால் ஒரு மதிப்பு இருக்கும்."

"சரி. கூட்டத்தில் அவர் உங்களிடம் என்ன கேள்வி கேட்பார்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒன்றும் கேட்க மாட்டார் மிஸ். அவர் எங்களை நம்புறார்."

அந்தப் பதில்தான் இன்றைக்கு என்னைப் பேச வைக்கிறது.

எங்கள் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, தனியார் கம்பனி ஒன்றுக்கு ஒரே ஒரு பணிப்பாளர் போதும். அவர் என்ன படித்தார், எங்கே வேலை செய்தார் என்று சட்டம் கேட்பதில்லை. 18ஆம் படிவத்தில் சம்மதக் கையொப்பம் போட்டால் சரி. ஆனால் அந்தக் கையொப்பத்துக்குப் பிறகு சட்டம் எதிர்பார்ப்பது நிறைய. நல்ல நம்பிக்கையோடு கம்பனியின் நலனுக்காக நடக்க வேண்டும், நியாயமான திறமையும் கவனமும் காட்ட வேண்டும். "மற்றவர்கள் தந்த கணக்கை நம்பினேன்" என்று ஒரு பணிப்பாளர் சொல்லலாம்தான். ஆனால் சந்தேகம் வரவேண்டிய இடத்தில் விசாரித்துப் பார்த்த பிறகு நம்பியிருக்க வேண்டும்.

220ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கம்பனியின் தேறிய சொத்து, அதாவது கடன்களைக் கழித்த பிறகு மிஞ்சுவது, பங்குகளுக்காகப் பெற்ற மூலதனத்தின் பாதிக்குக் கீழே போய்விட்டது என்று ஒரு பணிப்பாளருக்குத் தெரியவந்தால், அன்றிலிருந்து 20 வேலை நாட்களுக்குள் பங்குதாரர்களுக்கு விசேட பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு விட வேண்டும். 40 வேலை நாட்களுக்குள் கூட்டம் நடந்தாக வேண்டும். புடவைக் கடை வைத்திருப்பவருக்கு இந்தப் பிரிவு வாழ்நாளில் ஒருமுறையும் தேவைப்படாமல் போகலாம். ஸ்டார்ட்அப் கம்பனிக்கு அப்படியில்லை. வருமானம் வருவதற்கு முன்பே முதலீட்டைச் சம்பளமாகவும் சேர்வர் வாடகையாகவும் செலவழிப்பதுதான் அதன் இயல்பு. ஒன்றரை வருடத்தில் பாதிக் கோட்டைத் தாண்டிவிடும். பொறியியலாளர் மட்டுமே இருக்கும் சபையில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கணக்காளர் ஒருவர் இருந்தால் மாதா மாதம் பார்ப்பார். அவர் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர் என்பதால் அல்ல. அப்படித் தாண்டிப்போன கம்பனிகளின் ஏடுகளை அவர் முன்பே கையால் தொட்டிருக்கிறார்.

ஒரு பணிப்பாளரின் தொழில் பின்னணியை நான் இப்படித்தான் பார்க்கிறேன். அவர் எந்த நாற்காலியில் இருந்தார் என்பது இரண்டாம் பட்சம். எந்தப் பிழையைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறார் என்று முதலில் கேட்பேன்.

பெயரை மட்டும் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு தெரனோஸ் கம்பனியைச் சொல்லலாம். ஒரு சொட்டு இரத்தத்தில் பல பரிசோதனைகள் செய்து காட்டுவதாக எலிசபெத் ஹோம்ஸ் 2003இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஒரு காலத்தில் 9 பில்லியன் டொலர் பெறுமதி என்றார்கள். அதன் சபையில் இருந்தவர்களைப் பாருங்கள்: முன்னாள் இராஜாங்கச் செயலாளர்கள் ஜோர்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிசிஞ்சர். முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் வில்லியம் பெரி. முன்னாள் செனட்டர் சாம் நன். தளபதி ஜேம்ஸ் மாட்டிஸ். ஓய்வு பெற்ற கடற்படைத் தளபதி ஒருவர், பெரிய வங்கி ஒன்றின் முன்னாள் தலைவர் ஒருவர். மருத்துவம் படித்தவர்களும் இரண்டு பேர் இருந்தார்கள்: அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்து செனட்டரான பில் ஃபிரிஸ்ட், தொற்றுநோய்த் துறையில் பேர்பெற்ற வில்லியம் ஃபேகி. ஆனால் இரத்தப் பரிசோதனைக் கருவி செய்வதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவரை அந்தப் பட்டியலில் காண முடியாது. நாட்டின் போரையும் சமாதானத்தையும் தீர்மானித்த மனிதர்களின் முன்னால் ஒரு கருவி வைக்கப்படுகிறது. அது உண்மையில் வேலை செய்கிறதா என்று கேட்டு, வரும் பதிலை எடைபோட அவர்களுடைய வாழ்நாள் அனுபவம் உதவவில்லை. 2015 ஒக்டோபரில் ஒரு பத்திரிகையாளர்தான் அதை வெளியே கொண்டுவந்தார். 2022 ஜனவரியில் ஹோம்ஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது.

அந்தப் பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவரவர் துறையில் சிறந்தவர்கள். பெயருக்காக அழைத்தார்கள், பெயரைக் கொடுத்தார்கள். எங்கள் தம்பியின் பெரியப்பாவும் அப்படியான நல்ல மனிதர்தான்.

இப்போது நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2022 தொடக்கத்தில் நான் செயலாளராக இருந்த ஒரு சிறிய மென்பொருள் கம்பனி. உள்ளூர் கடைகளுக்கு விற்பனைக் கணக்கு மென்பொருள் கொடுக்கிறார்கள். சபையில் நான்கு பேர். அதில் ஒரு அம்மா வங்கியில் நாணயக் கடிதப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இறக்குமதிப் பொருளுக்குக் காசு தருவோம் என்று வங்கி கொடுக்கும் உறுதிதான் நாணயக் கடிதம். கணினி மொழி ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு கூட்டங்களில் அவர் பேசியது குறைவு, கம்பனியைத் தொடங்கிய பிள்ளைகளுக்கும் அவரை எதற்காக வைத்திருக்கிறோம் என்ற எண்ணம் இருந்தது. மாசி மாதக் கூட்டத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "எங்களுக்கு வருகிற காசு எந்த நாணயம்? போகிற காசு எந்த நாணயம்?"

வருவது முழுக்க ரூபாய். போவதில் கிளவுட் சேர்வருக்கும் மென்பொருள் உரிமங்களுக்கும் கட்டுவது டொலர். அப்போது டொலர் இருநூறு ரூபாய்ச் சொச்சத்தில் கட்டிப்போட்டிருந்த காலம். "வங்கியில் டொலர் இல்லை பிள்ளைகள், இந்த விலை நிற்காது" என்றார் அவர். நாணயக் கடிதம் திறக்க முடியாமல் இறக்குமதிக்காரர்கள் அலைவதை அவருடைய பழைய சகாக்கள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடத்துச் சேர்வர் கட்டணத்தை அந்தக் கிழமையே முன்கூட்டிக் கட்டினார்கள். தேவையில்லாத உரிமங்களை நிறுத்தினார்கள். மார்ச் மாதம் ரூபாயைத் தளர்த்தினார்கள், மே மாதம் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. கரண்டும் இல்லை, டீசலும் இல்லை. அந்தக் கம்பனி ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

அந்த அம்மாவின் விபரக்குறிப்பை முதலீட்டாளரிடம் காட்டியிருந்தால் "தொழில்நுட்ப அனுபவம் இல்லை" என்று ஓரமாக வைத்திருப்பார். அவருடைய கேள்வியை எழுதிய அந்தக் கூட்ட அறிக்கையை இன்றைக்கும் எடுத்துப் பார்ப்பதுண்டு.

எதிர்மாறான சம்பவமும் தெரியும். வேறொரு கம்பனி, மூன்று பணிப்பாளரும் பொறியியலாளர். கம்பனியை விற்றால் முதலீட்டாளர் தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சத்தில்தான் மற்றவர்களுக்குப் பங்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. மூவரும் கையொப்பம் போட்டார்கள். ஐந்து வருட உழைப்புக்குப் பிறகு கம்பனி விலைபோனது. தொடங்கியவர்கள் கையில் வந்ததை ஒரு வருடச் சம்பளம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒப்பந்தம் எழுதிப் பழகிய சட்டத்தரணி ஒருவர் சபையில் இருந்திருந்தால் அந்த வாசகத்தில் பேனையை வைத்து நிறுத்தியிருப்பார். இப்போது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணை வைத்திருக்கும் எந்தச் செயலிக்கும் சட்டம் தெரிந்த கண் தேவை.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட்டியார் தெருவில் அப்பா, மகன், மருமகன் மூவரும் பணிப்பாளராக இருந்து தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்துகிறார்கள். அது அவர்களுடைய சொந்தக் காசு. பிறத்தியார் காசு உள்ளே வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. இந்தியாவின் இணையவழிக் கல்விக் கம்பனியான பைஜூஸில் 2023 ஜூனில் முதலீட்டாளர் சார்பில் சபையிலிருந்த மூன்று பேர் விலகினார்கள், கணக்காய்வாளரும் விலகினார். சபையில் எஞ்சியவர்கள் தொடங்கியவர், அவருடைய மனைவி, அவருடைய சகோதரர். முந்தைய வருடம் 22 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்ட கம்பனி, 2024 ஜூலையில் வங்குரோத்து நடவடிக்கைக்குள் போனது. பாசம் உள்ளவர்கள் மேசையைச் சுற்றி இருக்கும்போது கடினமான கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடும். இது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விடயம்.

நல்ல உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வேர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பனி 2021 செப்டெம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்குப் போனது. அப்போது சபையில் இருந்தவர்களில் ஒருவர் சாக் நெல்சன். கம்பனிகளுக்கு இணையவழி மென்பொருள் விற்கும் நெட்சூட் கம்பனியைப் பல வருடம் நடத்தியவர். இன்னொருவர் ஜொஹானா ஃபிளவர், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற இணையப் பாதுகாப்புக் கம்பனியில் சந்தைப்படுத்தலுக்குப் பொறுப்பாக இருந்தவர். சென்னையில் செய்ததை அமெரிக்காவில் விற்கப் போகிறவருக்கு, அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்து கால் தேய்ந்தவர்கள். 1977இல் அப்பிளுக்கு மைக் மார்க்குலா வந்ததும் இப்படித்தான். இன்டெல்லில் சந்தைப்படுத்தல் பார்த்தவர், இரண்டரை லட்சம் டொலருடன் வந்து வணிகத் திட்டத்தையும் எழுதிக் கொடுத்தார். அப்பிளைத் தொடங்கிய ஜொப்ஸ், வொஸ்னியாக் என்ற இரண்டு இளைஞர்களிடமும் இல்லாதது அதுதான்.

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனிக்குச் சுயாதீனப் பணிப்பாளர்கள் கட்டாயம், கணக்காய்வுக் குழுவில் கணக்காளர் சங்க உறுப்பினர் ஒருவரும் கட்டாயம். 2024இல் வாடகை வாகனச் செயலியான பிக்மீ சந்தைக்கு வந்த பிறகு, தாங்களும் ஒருநாள் அங்கே போகலாம் என்று நினைக்கும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். மிக நல்லது. அந்த நாளுக்குக் காத்திராமல் இப்போதே அந்த நாற்காலியை நிரப்புங்கள் என்றுதான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

தம்பிமாரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "அடுத்த இரண்டு வருடத்தில் உங்களை எது விழுத்தும்?" பதுளைத் தம்பி யோசித்துவிட்டுச் சொன்னார், "மரக்கறி வழியிலே அழுகிப்போகும் மிஸ். அப்புறம் கடைக்காரர் காசைத் தாமதமாகத் தருவார்." அந்த இரண்டையும் பார்த்தவர் யார் என்று தேடுங்கள் என்று அனுப்பினேன்.

மூன்று கிழமை கழித்து வந்தார்கள். பெரியப்பா ஆலோசகராக இருக்கச் சம்மதித்துவிட்டாராம். கூட ஒரு பெண்மணி வந்திருந்தார், ஐம்பது வயதிருக்கும். மெனிங் சந்தை புறக்கோட்டையில் இருந்த காலத்திலும் பிறகு பேலியகொடைக்கு மாறிய பின்னும் மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்குப் பார்த்தவர். பிறகு ஒரு சுப்பர்மார்க்கெட்டின் மரக்கறிக் கொள்வனவில் வேலை செய்தவர். 18ஆம் படிவத்தை அவர் முன் வைத்தேன். முழுவதும் வாசித்தார். பிறகு தம்பிமாரைப் பார்த்து, "கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டார். கொண்டுவரவில்லை.

அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார். "அப்போ நாளைக்கு வருகிறேன்," என்று எழுந்தார்.