சிறுதுடுப்பு என்றொரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம். வட அமெரிக்காவின் பேரேரிகளிலும் மிசிசிப்பி ஆற்றின் மேற்படுகையிலும் வாழும் ஸ்மால்மவுத் பாஸ் என்னும் மீனைப் பற்றி, குறிப்பாக அதன் பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாஸ் என்றதும், நம் மீன் கடைகளில் ‘சீ பாஸ்’ என்று விற்கும் கொடுவாவை நினைத்துவிட வேண்டாம். இது சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன். ‘சிறிய வாய்’ என்பதும் அதன் இனத்தானோடு ஒப்பிட்டுச் சொன்னதுதான்: வாய் மூடியிருக்கையில் மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் நீண்டால் அது லார்ஜ்மவுத், கண்ணுக்கு நேர்கீழேயே நின்றுவிட்டால் ஸ்மால்மவுத்.

அறிவியல் பெயரின் கதைதான் சுவையானது. 1802இல் பிரெஞ்சு அறிஞர் லாசெபேட் இம்மீனை விவரித்து எழுதியபோது, அவர் கையில் இருந்த மாதிரி மீனின் முதுகுத் துடுப்பு முன்பே சேதமடைந்திருந்தது. இடையில், துடுப்பைத் தாங்கும் குச்சி போன்ற கதிர்கள் சில முறிந்து போனதால், கடைசிக் கதிர்கள் மட்டும் தனியே பிரிந்து இன்னொரு குட்டித் துடுப்பைப் போல நின்றன. அந்தக் காயத்தை இயல்பான உறுப்பென்று எடுத்துக்கொண்ட லாசெபேட், கிரேக்கச் சொற்களைக் கொண்டு ‘சிறுதுடுப்பு’ என்று பொருள்படும் மைக்ராப்டெரஸ் என்ற பேரினப் பெயரைச் சூட்டினார். சிற்றினப் பெயராக வைத்தது டோலோமியூ; அது 1801இல் மறைந்த அவருடைய நண்பரின் பெயர். நண்பரோ மீனாய்வாளர் அல்லர், கனிமவியல் அறிஞர். டோலமைட் என்ற கனிமத்துக்கும் அவர் பெயரே வழங்குகிறது. தூண்டிற்காரர்கள் துரத்தும் ஒரு மீனுக்கும் ஒரு பாறைக்கும் ஒரே மனிதர் பெயர் அமைந்தது இப்படித்தான்.

பிழை தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. விலங்குப் பெயரிடலில் முந்தி வெளியான பெயருக்கே உரிமை என்பதால், பொருள் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக அதை நீக்க முடியாது. லார்ஜ்மவுத் உட்பட இந்தப் பேரினத்தின் மீன்கள் அனைத்தும், துடுப்பு முழுதாக இருந்தும், சிறுதுடுப்பு என்றே பதிவாகியிருக்கின்றன.

தூண்டிற்காரர்கள் இதை ‘பிரான்ஸ்பேக்’, அதாவது வெண்கல முதுகு, என்கிறார்கள். எனக்குப் பிடித்த பெயர் அதுதான். கொக்கியில் மாட்டிய மீன் தண்ணீரை விட்டு எம்பித் துள்ளுகையில் பழுப்பும் பொன்னுமாக மின்னும் அந்த முதுகின்மேல், முன்பாதி முட்களும் பின்பாதி மென்கதிர்களும் ஒரே சவ்வில் கோத்து விரிந்து நிற்கும் துடுப்பைக் கரையில் நிற்பவர் எவரும் காணலாம்.