ஆறு நிமிடமும் ஒரு தவணையும்

வணக்கம் பிள்ளையள். மல்லாவி, விசுவமடு, ஒட்டுசுட்டான் என்று தூர இடங்களிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்: சட்டத்தரணிகளான நாங்கள் எதற்குக் காசு வாங்குகிறோம் என்பதுதான் அது.

நியூயோர்க்கிலும் லண்டனிலும் ஆயிரம் சட்டத்தரணிகளுக்கு மேல் வேலை செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. அவை சட்ட அறிவை விற்கின்றன என்று நினைக்கிறோம். பில்லை எடுத்துப் பாருங்கள், விற்பது நேரத்தை. ஒரு மணித்தியாலத்தைப் பத்தாக வெட்டி, ஆறு நிமிடத்துக்கு ஒரு பதிவு.

இலாபம் எப்படி வருகிறது? உதாரணமாக, கனிஷ்ட சட்டத்தரணி ஒருவர் வருடத்தில் 2,000 மணித்தியாலம் வேலை செய்கிறார், மணிக்கு 300 டொலர் என்று வையுங்கள். ஆறு இலட்சம் டொலர். பழைய கணக்கின்படி மூன்றில் ஒன்று அவருடைய சம்பளம், ஒன்று அலுவலகச் செலவு, மிச்சம் பங்காளிக்கு, அதாவது நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவரான மூத்த சட்டத்தரணிக்கு. நான்கு கனிஷ்டர்களை வைத்திருக்கும் பங்காளிக்கு, தன் உழைப்பைச் சேர்க்காமலே எட்டு இலட்சம். ஆகவே வேலையைக் கெதியாய் முடிப்பவருக்கு அங்கே நட்டம்.

அமெரிக்காவில் முன்பு சட்டத்தரணி சங்கங்களே ஆகக்குறைந்த கட்டணத்தை எழுதி வைத்திருந்தன. வர்ஜீனியாவில் வீடு வாங்க வெளிக்கிட்ட ஒரு தம்பதி, காணி உறுதி பார்த்துத்தரக் குறைந்த கட்டணம் கேட்டு 36 சட்டத்தரணிகளுக்கு எழுதினார்கள். ஒருவரும் இறங்கவில்லை. 1975இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பட்டியல் சட்டவிரோதம் என்றது. அதன்பின் மணிக்கணக்கே நிலைத்துவிட்டது.

இப்போது எங்கள் பக்கம் வருவோம். இங்கே நாங்கள் மணியை விற்பதில்லை, தவணையை, அதாவது நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கும் ஒவ்வொரு திகதியையும் விற்கிறோம். ஒரு தவணைக்கு இவ்வளவு என்று வாங்குகிறோம். வழக்கு பத்துத் தவணை போனால் பத்துமுறை காசு. கட்சிக்காரரோ ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் காசும் கொடுத்து, அடுத்த திகதியை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்புகிறார். இதைச் சொல்ல எனக்கு மனம் நோகிறது, ஏனென்றால் நானும் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன்.

வன்னியில் காணிப் பிணக்கு நிறைய. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுத்த பெர்மிட், தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளர் பெயர் பதியாமல் செத்துப்போன தகப்பன், இடம்பெயர்வில் தொலைந்த பத்திரம், கனடாவில் இருக்கிற அண்ணன். இந்த வழக்கின் உண்மையான வேலை பிரதேச செயலகத்தில், காணிப் பதிவகத்தில், உறவினர் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. அதற்குத் தவணைக் கட்டணம் ஒரு சதமும் தராது. அதனால்தான் அந்த வேலை நடக்காமலே கிடக்கிறது.

பெரிய நிறுவனங்களிடமிருந்து ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்பேன். லண்டனில் சில பழைய நிறுவனங்களில், யார் கட்சிக்காரரைக் கொண்டுவந்தாலும் இலாபத்தைச் சேவைக்கால மூப்புப்படி பிரித்தார்கள். அதனால் வழக்குக் கோவையை ஒருவருக்கொருவர் ஒளிக்கத் தேவையில்லை. அதற்கு எதிராக, நியூயோர்க்கின் டூயி அன்ட் லெபோஃப் என்ற சட்ட நிறுவனம் பெயர்பெற்ற பங்காளிகளுக்கு நிச்சயத் தொகை தருவதாக வாக்குக் கொடுத்தது, கடன்பட்டது, பங்காளிகள் கழன்றார்கள், 2012இல் வங்குரோத்தானது.

நான்கு பேர் சேருங்கள். ஒரு அறை, ஒரு லிகிதர், ஒரே கோவை அலுமாரி. காணி வழக்குக்குத் தவணைக்கணக்கு வேண்டாம். பத்திரம் தேட இவ்வளவு, வழக்குப் பதிய இவ்வளவு, தீர்ப்பு வரைக்கும் இவ்வளவு என்று முதல் நாளே தமிழில் எழுதிக் கட்சிக்காரர் கையில் கொடுங்கள். ஒருவர் கொழும்புக்கு மாறிப்போனாலும் கோவை இங்கேயே இருக்கும். அப்படித் தொடங்க விருப்பமுள்ளவர்கள் இன்று போகமுன் என்னைச் சந்தியுங்கள். அந்தக் கட்டணத் தாளின் மாதிரியை இருந்து எழுதுவோம்.