அந்தக் கெபாசிட்டருக்கு அங்கே என்ன வேலை?

நேயர்களுக்கு வணக்கம். சால்டரிங் அயர்ன் பிடிக்கப் பழகுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "சார், இந்த இடத்தில் எத்தனை மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுவது?" நான் திருப்பிக் கேட்பேன்: "அங்கே அதற்கு என்ன வேலை?" கெபாசிட்டர் என்பது சார்ஜைச் சேர்த்துவைத்துத் திருப்பிக் கொடுக்கும் பாகம்; எவ்வளவு சேர்க்கும் என்பதற்கான அளவுதான் மைக்ரோஃபாரட்.

நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் ரேடியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். குமிழைத் திருகி நிலையம் பிடிக்கும் பழைய பெட்டி என்றால், உள்ளே சில நூறு பிக்கோஃபாரட் (பிக்கோ என்பது மைக்ரோவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கெபாசிட்டர் ஒன்று சுழலும். அதில் துளி மாறினாலும் நிலையம் நழுவிவிடும். அதே பெட்டியின் பவர் சப்ளையில் 1000 மைக்ரோஃபாரட் இருக்கலாம். அது 900 ஆனாலும் பெட்டி பாட்டுக்குப் பாடும்.

பவர் சப்ளைக் கணக்கு எளிது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அதை ஒரே திசையாக்கும் பிரிட்ஜ் டயோடு வழியாக விட்டால் வோல்டேஜில் நொடிக்கு 100 மேடுகள். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 10 மில்லிசெகண்டு. அந்த இடைவெளியில் கெபாசிட்டர்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். சுமை 1 ஆம்பியர், வோல்டேஜ் 2 வோல்ட்டுக்கு மேல் இறங்கக் கூடாது என்றால், 1-ஐ 0.01-ஆல் பெருக்கி 2-ஆல் வகுங்கள். 5000 மைக்ரோஃபாரட் வரும். ஆனால் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் 10, 15, 22, 33, 47, 68 என்ற வரிசையில்தான் வருகின்றன. சரி, 4700 போடுங்கள். இடைவெளி முழுவதும் அது காலியாகிக்கொண்டே இருப்பதில்லை என்பதால் கணக்கே கொஞ்சம் தாராளமானது. இங்கே போடும் எலக்ட்ரோலைட்டிக் வகைக் கெபாசிட்டரில், மேலே எழுதியதைவிட 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதனால் 2 வோல்ட்டைத் தாண்டவே கூடாதென்றால் 6800. அதற்காக 47000 போட்டுவிடாதீர்கள். ஸ்விட்ச் போட்ட கணத்தில் காலிக் கெபாசிட்டர் ஷார்ட் மாதிரிதான். அடி வாங்குவது டயோடு.

மைக்ரோஃபாரடை மட்டும் பார்த்து ஏமாந்தவன் நான். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தானே என்று 16 வோல்ட் வரை தாங்கும் கெபாசிட்டர் போட்டேன். 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17. டயோடுகளில் கொஞ்சம் போனாலும், சுமை இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகவே கொடுக்கும். சிறிது நேரத்தில் தலை உப்பி, 'டப்' என்றது. அந்த நாற்றம் இரண்டு நாள் அறையை விட்டுப் போகவில்லை. அங்கே 25 வோல்ட் போட்டிருக்க வேண்டும்.

ஒலி சிக்னலை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் ஆடியோ இணைப்பில் வேறு கணக்கு. அடுத்த கட்டத்தின் இன்புட் 10 கிலோ ஓம் என்றால் 1 மைக்ரோஃபாரட், 16 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைத்து மீதியை விடும். காதுக்கு அது போதும்.

ஐசி (பல பாகங்கள் அடங்கிய சிப்) பக்கத்தில் வைக்கிற, 104 என்று எழுதிய செராமிக் கெபாசிட்டர், அதாவது 0.1 மைக்ரோஃபாரட், பெரும்பாலும் கணக்கே இல்லாமல் போடுவது. அங்கே மதிப்பைவிடத் தூரம் முக்கியம், ஐசியின் சப்ளைக் காலை ஒட்டி வையுங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் கரண்ட் ரேடியோவில் என் பேச்சுக்குப் பின்னால் 'உம்ம்ம்' என்று விடாமல் இரைகிறதா? பவர் சப்ளை எலக்ட்ரோலைட்டிக் உலர்ந்து, அதன் மதிப்பு இறங்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் சார்ஜைக் காலி செய்துவிட்டு, முதலில் அதைப் பாருங்கள்.