கம்பம் நட்ட மனைகள்

நேயர்களுக்கு வணக்கம். காட்டுத்தீயைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். தீ ஒரு ராத்திரியில் எரிந்து முடிந்துவிட்டது, அதற்கப்புறம் வந்த வருஷங்களைப் பற்றி வேண்டுமானால் பேசுகிறேன் என்றேன். சரி என்றார்கள்.

கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, சாண்டா ரோசா என்ற ஊரில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் கோஃபி பார்க் என்று ஒரு குடியிருப்பு. பெரும்பாலும் 1980களில் எழுந்தது. சின்னச் சின்ன மனை, ஒன்றை ஒன்று ஒட்டிய வீடுகள், ஆசிரியர்களும் எலக்ட்ரீஷியன்களும் நர்ஸுகளும் இருந்த தெருக்கள். 2017 அக்டோபர் 8 இரவு, மலைக்கு அந்தப் பக்கம் கலிஸ்டோகா ஊருக்கருகே பற்றிய, டப்ஸ் என்று பெயர் வைத்த காட்டுத்தீ, சில மணி நேரத்தில் இங்கே வந்து நின்றது. நடுவில் ஆறு தடம் போட்ட 101 நெடுஞ்சாலை இருக்கிறது. அகலமான சாலை, தீ தாண்டாது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். காற்று கங்குகளை அள்ளிக்கொண்டு வந்து கூரைகளில் போட்டது. காட்டுத்தீ அபாயப் பகுதி என்று அரசு வரைபடத்தில் குறிக்காத இடம் அது. கோஃபி பார்க்கில் மட்டும் ஏறக்குறைய 1,300 வீடுகள் போயின. ஊர் முழுக்கச் சுமார் 3,000. அதாவது நூற்றுக்கு ஐந்து வீடு. அந்த ஒரு தீயில் இறந்தவர்கள் 22 பேர்.

எங்கள் வீட்டுக்குத் தீ வரவில்லை. கோஃபி பார்க்கில் வாடகைக்கு இருந்த நண்பர் குடும்பம் ஆறு வாரம் எங்கள் ஹாலில் படுத்துக்கொண்டது. அந்த ஆறு வாரமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே வேலைதான். இன்ஷூரன்ஸுக்குப் பட்டியல் எழுதுவது. வீட்டில் இருந்த ஒவ்வொரு சாமானும், வாங்கிய வருஷம், விலை. "சமையலறை இடது அலமாரி, மேல் தட்டு" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், அவர் மனைவி எழுதுவார். வெட் கிரைண்டர் வந்தபோது சிக்கல். உள்ளே கல் இருக்கும் என்று விளக்கினால், கம்பெனிக்காரர் போனில், "வீட்டுக்குள் எதற்குக் கல்?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பு.

அப்போதுதான் நான் ஒரு நோட்டு போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோஃபி பார்க்கில் நாலு தெரு நடப்பேன், மனை வாரியாகக் குறித்துக்கொள்வேன். பொறியாளர் புத்தி, வேறென்ன.

முதல் நாலைந்து மாதம் குறிக்க ஒன்றும் இருக்காது. செங்கல் புகைபோக்கிகள் மட்டும் நிற்கும். கார்களின் அலுமினியச் சக்கரம் உருகி, நடைபாதையில் ஓடி, உறைந்து கிடக்கும். அந்த நாட்களில் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்ற நாய்களோடு தொல்லியல் ஆட்கள் சிலர் வந்தார்கள். இங்கே பலர் அம்மா, அப்பாவைத் தகனம் செய்த சாம்பலை வீட்டு அலமாரியிலேயே வைத்திருப்பார்கள். இப்போது வீடே சாம்பல். அதற்குள் அந்தச் சாம்பல் எது? நாய் மோப்பம் பிடித்து ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடும். அவர்கள் சின்னக் கரண்டியால் சுரண்டி எடுத்து, நிறம் பார்த்து, பையில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். ஒரு பெரியவர் அந்தப் பையை வாங்கி, கார் முன்சீட்டில் வைத்து, பெல்ட்டை மாட்டினார். அஸ்தி கரைக்கிற வழக்கத்தில் வளர்ந்தவன் நான். எனக்கு வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

பிறகு இடிபாடு அகற்றும் வேலை. முதலில் பெயின்ட், பேட்டரி, பூச்சிமருந்து மாதிரி நஞ்சுகளை எடுத்தார்கள். அப்புறம் ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் லாரிகள். எடுக்கிற டன்னுக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் மண்ணையும் சேர்த்து அள்ளிவிட்டார்கள் என்பது தெருவில் எல்லோருடைய புகாரும். அஸ்திவாரம் இருந்த இடத்தில் இடுப்பளவுப் பள்ளம். பல மனைகளில் மாநில அரசு மறுபடி மண் கொண்டுவந்து நிரப்ப வேண்டியதாயிற்று. இலவசமாகக் கிடைத்த சுத்தத்துக்குக் கொடுத்த விலை என்று ஒருவர் சொன்னார். அவர் மனையில் ஒரு மழைக்கு நிஜமாகவே குளம் கட்டிவிட்டது.

நகராட்சியும் கணக்கு வைத்திருந்தது. தீயில் போன வீடுகளுக்கென்றே தனிப் பெர்மிட் அலுவலகம் திறந்தார்கள். விண்ணப்பம் வந்தது, அனுமதி கொடுத்தது, வேலை நடப்பது, முடிந்தது என்று மனை மனையாக வரைபடத்தில் காட்டினார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெர்மிட் வாங்கியவர் எல்லாம் கட்டுவதில்லை. பணம் போதாமல் பாதியில் விட்டவர் உண்டு, பெர்மிட்டோடு மனையை விற்றவர் உண்டு. தெருவில் நான் நம்பிய அடையாளம் வேறு. மனையின் ஓரத்தில் ஒரு மரக்கம்பம் நட்டு, தற்காலிக மின்சாரப் பெட்டி ஒன்றை மாட்டுவார்கள். ரம்பத்துக்கும் டிரில்லுக்கும் கரண்ட் வேண்டுமே. அந்தக் கம்பம் வந்துவிட்டால் அந்த மனையில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அதன் பிறகு காங்கிரீட், மரச்சட்டம், கூரை, ஜிப்சம் பலகை என்று அடுத்தடுத்து நடக்கும். நோட்டில் டிக் போடுவதற்குள் ஜன்னல் வந்திருக்கும்.

நாங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக ஒன்று நடந்தது. நெடுஞ்சாலைக்குக் கிழக்கே மேட்டில் ஃபவுன்டன்குரோவ் என்று பணக்காரப் பகுதி. அங்கேயும் வீடுகள் போயின. பணம் இருக்கிறது, சீக்கிரம் எழுந்துவிடும் என்று நினைத்தோம். சமதரையில் இருந்த கோஃபி பார்க்தான் முந்திக்கொண்டது. இங்கே மனைகள் ஒரே மாதிரி. கட்டுநர்கள் நாலைந்து மாதிரி வரைபடங்களை வைத்துக்கொண்டு வரிசையாகக் கட்டிப் போனார்கள். மேட்டில் ஒவ்வொரு வீடும் தனி வடிவம், சரிவு, தாங்குசுவர். போதாக்குறைக்கு உருகிய பிளாஸ்டிக் குழாய்களால் குடிநீரில் பென்சீன் என்ற நஞ்சு கலந்து, அந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்ற எச்சரிக்கை ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்தது.

இன்னொரு காரணம், அக்கம்பக்கத்தார். 'கோஃபி ஸ்ட்ராங்' என்று சங்கம் வைத்து, பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் வைத்தார்கள். எந்தக் கட்டுநர் ஏமாற்றுகிறார், இன்ஷூரன்ஸ் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்பதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் மடக்கு நாற்காலி போட்டு, காலி மனையில் உட்கார்ந்தே பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் வருஷத்தில் என் நாலு தெருவிலும் பெரும்பாலான வீடுகள் எழுந்துவிட்டன. நண்பர் வாடகைக்கு இருந்த வீடும் முடிந்தது. நகராட்சிக் கணக்கில் அது 'முடிந்தது'. அவருக்கு உடனே போன் பண்ணினேன். அவர் அதற்குள் சாக்ரமென்டோவில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டிருந்தார். புது வீட்டுக்கு வாடகை பழையதைவிட நிறைய ஏறியிருந்தது. "வீடு திரும்பிவிட்டது, நாங்கள்தான் திரும்பவில்லை" என்று சிரித்தார். அன்று நோட்டில் புதிதாக ஒரு கட்டம் கிழித்தேன்: வீடு வந்தது, ஆள் வந்தாரா. வாசலில் நிற்பவரிடம் கூச்சப்படாமல் கேட்பேன். நாலு தெருவிலும் இரண்டாவது கட்டத்தில் டிக் குறைவாகவே விழுந்தது. வயதானவர்கள் மனையை விற்றுவிட்டு மகன், மகள் இருக்கும் ஊருக்குப் போயிருந்தார்கள். வாடகைக்காரர்களோ எந்தப் பட்டியலிலும் இல்லை. மனை அவர்கள் பேரில் இல்லையே.

திரும்பி வந்தவர்களும் முழுசாக வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். 2019 அக்டோபரில் கின்கேட் தீ வந்தபோது மாவட்டத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஊரைக் காலி செய்தோம். பெயின்ட் வாசனை போகாத வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு அம்மா காரில் ஏறினார். இந்த முறை கையில் பைல் மட்டும்தான்.

2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஆல்டடீனாவில் ஈட்டன் தீ. 9,000க்கும் மேற்பட்ட கட்டிடங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அனுபவம் சொல்ல அங்கே போனார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு அங்கே சொந்த வீடு இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "அண்ணே, எத்தனை நாள் ஆகும்ணே?" என்றான். நாள் கணக்கு என்னிடம் இல்லை. லாரி வருவதற்கு முன் மனையை நாலு மூலையிலிருந்தும் படம் எடு, எவ்வளவு ஆழம் தோண்டுகிறார்கள் என்று கூட நின்று பார், பட்டியலை அலமாரி அலமாரியாக எழுது, கிரைண்டரை விட்டுவிடாதே என்றேன். அப்புறம் அந்தக் கம்பத்தைப் பற்றியும் சொன்னேன்.

பல மாதம் கழித்து ஒரு படம் அனுப்பினான். வெறும் மண், பின்னால் மலை, ஓரத்தில் சற்றே சாய்ந்த மாதிரி ஒரு மரக்கம்பம். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை.