தீப்பெட்டிக்குப் போட்ட வரி

நேயர்களுக்கு வணக்கம். முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தது, இரண்டாவது போர் 1939-ல் தொடங்கியது. நடுவில் இருந்த இருபத்தோரு ஆண்டுகளில் இந்தியாவில் தொழிற்சாலைகள் எப்படி முளைத்தன என்பது நான் நெடுங்காலமாகத் தேடிப் படித்துவரும் விஷயம். இன்று ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். அன்றைய அரசு பெரும்பாலும் நம் தொழில் வளரட்டும் என்று வரி போடவில்லை. கஜானா காலியாக இருந்தது, அதனால் போட்டது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நம் மக்கள் தொழிலை வளர்த்தார்கள்.

போர்க்காலத்தில் கப்பல்கள் வரவில்லை. இயந்திரம், இரும்பு, மருந்துச் சரக்கு என எல்லாவற்றுக்கும் வெளிநாட்டையே நம்பியிருந்தது அப்போதுதான் உறைத்தது. 1916-ல் தாமஸ் ஹாலண்ட் தலைமையில் தொழில் கமிஷன் ஒன்றை அமைத்தார்கள். ஆனால் தொழில்களுக்கு உண்மையில் கைகொடுத்தது போருக்குப் பிறகு விழுந்த துண்டுதான். வரவு செலவைச் சரிக்கட்ட இறக்குமதித் தீர்வையை ஏற்றினார்கள். ஏழரை சதவீதமாக இருந்த பொதுத் தீர்வை 1921-ல் 11 ஆனது, 1922-ல் 15 ஆனது.

இங்கேதான் தீப்பெட்டி வருகிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே பேச விரும்புகிறேன்.

அந்தக் காலத்தில் நம் அடுப்பங்கரைக்கு வந்த தீப்பெட்டிகளில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்தவை. 1922-ல் ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிகளுக்கு, ஒன்றரை ரூபாய் தீர்வை போட்டார்கள். ஒன்றரை ரூபாய் என்றால் 24 அணா. ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. கணக்குப் போட்டால் ஒரு பெட்டிக்கு 2 தம்பிடி வருகிறது. காலணா என்பதே 3 தம்பிடிதான், அதனால் 2 தம்பிடி அன்றைக்குச் சின்னத் தொகை இல்லை. சரக்கின் விலையையே மிஞ்சிய வரி அது.

அதே 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். 1923-ல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். சிவகாசியில் என்ன இருந்தது? மழை குறைவு, மண்ணை நம்பிப் பிழைக்க முடியாது. குச்சிக்கு வேண்டிய மரத்தைக்கூட வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். வேலை தேடிய கைகள் மட்டும் ஏராளம். குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டி ஒட்டுவது எல்லாம் கைவேலையாகவே நடந்தன. அந்தக் கைகளில் பெண்களின் கைகளும் சிறு பிள்ளைகளின் கைகளும் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிவகாசியின் வெற்றியைச் சொல்லிவிட்டு அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

சுவீடன்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்தால்தானே தீர்வை என்று இங்கேயே ஆலை கட்டினார்கள். பம்பாய்க்குப் பக்கத்தில் அம்பர்நாத்தில் ஓர் ஆலை, நம் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஓர் ஆலை. ஆக ஒரே வரி உள்ளூர்க் கைத்தொழிலையும் வெளிநாட்டு முதலாளியின் இயந்திர ஆலையையும் சேர்த்தே வளர்த்தது. 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கே கலால் வரி போட்டார்கள். வெளியிலிருந்து வருவது குறைந்ததும் தீர்வை வருமானம் குறைந்தது. அதை ஈடுகட்டத்தான் இது. நான் முதலில் சொன்னதை மறுபடி பாருங்கள்: கஜானாதான் காரணம்.

சரி, இரும்புக்கு வருவோம். ஜாம்ஷெட்பூர் டாடா ஆலை போரில் தண்டவாளம் தந்து பேர் வாங்கியது. போர் முடிந்ததும் ஐரோப்பிய இரும்பு மலிவாக வந்து குவிந்தது, ஆலை மூடும் நிலைக்கு வந்தது. ஆலையை நடத்திய தோராப்ஜி டாடா தன் சொந்தச் சொத்தையும் மனைவியின் நகைகளையும் அடகு வைத்துக் கடன் வாங்கினார். 1924-ல் இரும்புத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இது மட்டும் கஜானாவுக்காக வந்ததல்ல. எந்தத் தொழிலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பார்க்க அரசு வைத்திருந்த வரித்தீர்வைக் குழு விசாரித்து, தொழிலைக் காக்கவென்றே கொடுத்த பாதுகாப்பு. 1932-ல் சர்க்கரைக்கும் அப்படி ஒரு சட்டம் வந்தது. ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக இறங்கிய சர்க்கரை சில ஆண்டுகளிலேயே கிட்டத்தட்ட நின்றுபோனது. முப்பதை ஒட்டியிருந்த ஆலைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

துணியின் கதையில் எனக்கு இன்றும் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. இந்திய ஆலை நெய்த துணிக்கு, இங்கிலாந்தின் துணி ஆலை வட்டாரமான லங்காஷயர்காரர்கள் மனம் கோணக் கூடாது என்று, மூன்றரை சதவீதக் கலால் வரி இருந்தது. 1890-களில் போட்டதை எடுக்க 1925 டிசம்பர் வரை போராட வேண்டியிருந்தது. போருக்கு முன் 1913-14-ல் 300 கோடி கஜத்துக்கு மேல் அந்நியத் துணி இறங்கியது. 1938-39-ல் அது 65 கோடி கஜம் அளவுக்குச் சுருங்கியது. நம் ஆலைகளோ 400 கோடி கஜத்துக்கு மேல் நெய்தன. ஆனால் பம்பாய்த் தொழிலாளி சுகப்படவில்லை. 1928-ல் ஒன்றரை லட்சம் பேர் ஏறக்குறைய ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. கோவையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் நீலகிரி மலையிலிருந்து இறங்கியது. சுற்றிலும் பருத்தி விளைந்தது. பஞ்சாலைகள் வரிசையாக எழுந்தன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டார் செய்தார்கள். அதை நான் பெரிதாக எண்ணுவதற்குக் காரணம், துணி நெய்யக் கற்ற நாடு நெசவு இயந்திரத்தைச் செய்யக் கற்றிருக்கவில்லை என்பதுதான். நூல் நூற்கும் கதிர்களும் நெய்யும் தறிகளும் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே வந்தன. ரயில் இன்ஜின்களிலும் பெரும்பான்மை அங்கிருந்துதான். மேற்கு வங்காளத்தின் சித்தரஞ்சனில் நாமே இன்ஜின் செய்யத் தொடங்கியது 1950-ல். அது போருக்குப் பிந்தைய கதை, இன்றைய நேரத்தில் அடங்காது. வணக்கம்.