பாணன் நுழைந்த வீடு

வணக்கம் நேயர்களே. மறக்க முடியாத ஒரு படத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள், எனக்கு யோசிக்கவே நேரம் ஆகவில்லை. 2024 பிப்ரவரியில் நானும் என் நண்பனும் மதுரையில் செகண்ட் ஷோ போய்ப் பார்த்த 'பிரமயுகம்'. ராகுல் சதாசிவன் எடுத்த மலையாளப் படம், முழுக்கக் கருப்பு வெள்ளை. நண்பனுக்கு அழகர்கோவில் பக்கம் ஊர். பேய், பிசாசு, டார்க் ஃபேண்டஸி என்று எதைச் சொன்னாலும் "மாப்ள, அந்த ரோட்டுல ராத்திரி வண்டில தனியாப் போறவன்டா நான்" என்று கழன்றுகொள்வான். மம்மூட்டி நடித்தது என்றதும் சரி என்று வந்துவிட்டான்.

கதை ரொம்பச் சின்னது. 17-ஆம் நூற்றாண்டு. அடிமை வியாபாரிகளிடமிருந்து தப்பி ஓடும் ஒரு பாணன், காட்டுக்குள் வழி தெரியாமல் அலைந்து, பசியோடு பாழடைந்த ஒரு மனைக்குள் நுழைகிறான். வீட்டுக்காரர் கொடுமண் போற்றி. வா என்கிறார், பாடச் சொல்லிக் கேட்கிறார், சோறு போடுகிறார். அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் ஒரு சமையல்காரனும்தான்.

பாணன் என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு மனசு வேறு பக்கம் போய்விட்டது. மதுரைக்காரனுக்குப் பாணன் என்றால் பாணபத்திரர் அல்லவா? வடக்கேயிருந்து வந்த ஏமநாதனிடம் தோற்றுவிடுவோமோ என்று அவர் கலங்கி நின்றபோது, சொக்கநாதரே விறகுக்கட்டைச் சுமந்துபோய் ஏமநாதன் இருந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடி, அவனை ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓட வைத்தார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆவணி மூலத் திருவிழாவில் வருஷா வருஷம் விறகு விற்ற லீலை பார்க்கிறோம். பாடுகிறவனுக்கு ஒரு கஷ்டம் என்றால் சாமி தெருவில் இறங்கி வரும், அதுதான் நம் ஊர்க் கதை. இந்தப் படத்திலும் பாணன் பாடுகிறான், மழை பெய்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் விறகுக்காரன் வரவே இல்லை. நான் கடைசி வரைக்கும் எதிர்பார்த்தேன்.

அந்தப் பகடைக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். போற்றி ஆடக் கூப்பிடுகிறார். பந்தயம் வைக்க என்னிடம் ஒன்றுமே இல்லையே என்கிறான் பாணன். உன் நேரத்தை வை என்கிறார் அவர். ஆயுசிலிருந்து நேரம்! காய் உருளும் சத்தம் தியேட்டர் முழுக்கக் கேட்கிறது, எதிரே மம்மூட்டியின் முகம், பாதி வெளிச்சத்தில், சிரிப்பா பசியா என்று தெரியாத ஒரு பார்வை. திரும்பிப் பார்த்தால் நண்பன் சீட்டுக் கைப்பிடியைப் பிடித்திருந்த பிடியில் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. கலரில் எடுத்திருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். கருப்பு வெள்ளையில் சுவர் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

முடிவைச் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பாருங்கள்.

படம் விட்டு மாட்டுத்தாவணியில் டீ குடிக்க நின்றோம். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவன் திடீரென்று, "எங்க கருப்பும் அங்கேருந்து வந்தவருதான்டா" என்றான். அவன் அப்பத்தா சொன்ன கதை அது. அழகர்மலையின் சக்தியைத் திருடிப் போக மலையாள தேசத்திலிருந்து 18 மந்திரவாதிகள் வந்தார்களாம், கூடவே காவலுக்கு வந்த சாமி அழகரின் அழகில் மயங்கி அங்கேயே நின்றுவிட்டாராம், வந்த 18 பேரும் 18 படிக்கு அடியில் புதைந்து கிடக்கிறார்களாம். "அந்த ஊரு மந்திரவாதிய இன்னைக்குத்தான்டா கண்ணால பாத்தேன்" என்றான். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு அவனைத் தனியாக அனுப்பாமல் என் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அழகர்கோவில் போனோம். பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்குச் சிலை கிடையாது, மூடிய கதவுதான் சாமி. பூசிப் பூசிச் சந்தனம் அந்தக் கதவில் அடை அடையாக அப்பிக் கிடக்கும், கிட்டப் போனால் வாசனை மூச்சை நிறைக்கும். அழகர் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குக் கிளம்பும்போது நகைக் கணக்கை இந்த வாசலில்தான் படித்துக் காட்டுவார்கள். கோர்ட்டுக்குப் போகாமல் இங்கே வந்து சத்தியம் பண்ணி வழக்கைத் தீர்த்துக்கொள்கிற வழக்கமும் உண்டு.

நாங்கள் போனபோதும் ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. கொடுத்த கடனைக் கேட்டு ஒருவர், வாங்கவே இல்லை என்று இன்னொருவர், இரண்டு பக்கமும் நாலு சொந்தக்காரர்கள். இல்லை என்றவரைக் கதவைத் தொட்டுச் சொல்லச் சொன்னார்கள். வேகமாகத்தான் முன்னால் போனார். கையை நீட்டினார். சந்தனத்துக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது கை அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார். அப்புறம் கையை இறக்கிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "தை மாசத்துக்குள்ள கொடுத்துர்றேன்" என்றார்.