கண்மாய்க்குக் காவல் இருந்தவருக்கு ஊர் வைத்த பெயர்

வணக்கம் மக்களே. இன்றைக்கு நான் நிற்பது சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை. எனக்குப் பின்னால் இரண்டு கல்தூணும் குறுக்கே துளை போட்ட ஒரு கல்லும் தெரிகிறதா? அதுதான் குமிழி மடை. இதைத் திறந்து மூடிய மனிதர்களைப் பற்றியும், அவர்களை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம் என்பதைப் பற்றியும்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் கிட்டே போய்க் காட்டுகிறேன். தூணுக்குக் கீழே, கண்மாய்த் தரையோடு தரையாக, கல்லால் கட்டிய ஒரு தொட்டி இருக்கும். அதன் மேல்பக்கத்துத் துளைக்கு நீரோடி என்று பெயர், தரையை ஒட்டி இருக்கும் சின்னத் துளைக்குச் சேறோடி என்று பெயர். மேல் துளையைத் திறந்தால் தண்ணீர் கரைக்கு அடியில் போகும் சுரங்கம் வழியாக வாய்க்காலுக்குப் போகும், கீழே இருக்கும் துளை வழியாக அடியில் படிந்த வண்டலும் சேர்ந்து போய் வயலுக்கு உரமாகிவிடும். கண்மாய் நிரம்பி நிற்கும்போது ஒருவர் நீந்திப் போய், இந்தக் குறுக்குக் கல்மேல் ஏறி, கம்போடு இருக்கும் அடைப்பைத் தூக்க வேண்டும். சேறு அடைத்து அடைப்பு இறுகிவிட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே முங்க வேண்டியதுதான். திறந்த நொடியில் தண்ணீர் துளைப் பக்கம் இழுக்கும், அந்த இழுப்பில் மாட்டாமல் விலகி மேலே வர வேண்டும்.

இந்த வேலை செய்தவருக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் நீர்க்கட்டி அல்லது நீர்பாய்ச்சி என்பார்கள். மடைக்குடும்பன் என்பதும் உண்டு. வடக்கே ஏரிகள் உள்ள ஊர்களில் கம்புகட்டி. கர்நாடகத்துக்குப் போனால் நீருகண்டி, தெலங்கானாவில் நீரடி. நான் போகிற ஊரில் எல்லாம் இதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வேன், ஏனென்றால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பெரியவர்கள் முகம் மலர்ந்து பேச ஆரம்பிக்கிறார்கள்.

மடை திறப்பது வேலையில் ஒரு பங்குதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ராத்திரி முழுக்கக் கரையில் நடக்க வேண்டும். நண்டு வளை, எலி வளை வழியாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்தால் விடிவதற்குள் கரையே உடைந்துவிடும், அதனால் கசிவைக் கண்ட இடத்தில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து மிதித்து அடைக்க வேண்டும். மிஞ்சிய தண்ணீர் வெளியே வழிகிற கலிங்கில் எவ்வளவு தேக்குவது, எப்போது திறந்துவிடுவது என்று பார்க்க வேண்டும். தேக்கினால் மேலே இருக்கிற ஊரின் வயல் மூழ்கும், திறந்துவிட்டால் தை மாதம் நம் ஊரில் பயிர் காயும்! அப்புறம் தண்ணீர் குறையும்போது முறைத்தண்ணீர் வைப்பார்கள். யாருக்கு எவ்வளவு நேரம், கடைமடை வரை எப்படிக் கொண்டுபோவது, எல்லாம் அவர் பொறுப்பு. இவ்வளவுக்கும் கூலி பெரும்பாலும் அறுவடையில் களத்துமேட்டில் அளந்து கொடுக்கிற நெல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய தமிழில் காவலன் என்றால் அரசன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அகநானூற்றில் 252ஆம் பாட்டைப் பாருங்கள். மகளுக்குக் காவலாகத் தூக்கமே இல்லாமல் இருக்கிற ஒரு அம்மாவைச் சொல்ல வருகிறார்கள், அதற்கு எடுத்துக்கொண்ட உவமை ‘சிறுகோட்டுப் பெருங்குளம் காவலன்’. சின்னக் கரை, பெரிய குளம், அதைக் காக்கிறவர். மழைக்காலத்தில் அவர் எப்படிக் கண்ணை மூடுவார்? அரசனுக்கும் குளத்தைக் காத்தவருக்கும் அன்றைக்கு ஒரே சொல்! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

அப்புறம் உத்திரமேரூருக்கு வாருங்கள். பராந்தக சோழன் காலம், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை முறை. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஒருவர் பெயரை ஓலையில் எழுத வேண்டுமானால் அவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். வாரியத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பெருமக்கள் என்று மரியாதை. ஆனால் முங்கி மடை திறந்தவர்? தமிழ்நாட்டில் நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர், பலருக்கு அந்த ஆயக்கட்டில், அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்களில், ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. நிலம் இல்லாதவர் என்றால் தன் வயலுக்குத் தண்ணீரை ஒதுக்கிக்கொள்ள மாட்டார், பங்கீடு நேர்மையாக இருக்கும் என்று ஊர்களில் இதற்கு நியாயம் சொல்வார்கள். பங்கீடு நேர்மையாகத்தான் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஊரில் அத்தனை வயலும் விளைய உழைத்தவருக்கு ஏன் வயல் இல்லை என்ற கேள்வியை அந்த நியாயம் தொடவே இல்லை.

மடை திறந்தவரைத்தான் மடையன் என்றார்கள், அதுவே பின்னால் வசவாகிவிட்டது என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சொல்லுக்குச் சமையல்காரர் என்ற பொருளும் உண்டு, கோயில் மடைப்பள்ளி என்கிறோமே, அந்த மடை. அதனால் ஒரே கதையில் முடித்துவிடாதீர்கள். என் கவலை அந்தச் சொல்லின் கடைசி எழுத்தில் இருக்கிறது. காவலர், வனக்காவலர், விடுதிக் காப்பாளர், அருங்காட்சியகக் காப்பாட்சியர் என்று எல்லாருக்கும் ‘அர்’ போடுகிறோம், போட வேண்டியதுதான். மடைக்குடும்பன், வெட்டியான் என்று வரும்போது மட்டும் ‘அன்’, ‘ஆன்’ என்று நின்றுவிடுகிறோம், வயதில் பெரியவரைக்கூட வா, போ என்கிறோம். இது இலக்கணம் இல்லை, பழக்கம். மாற்ற முடியும்.

சாமிகளுக்குப் பாருங்கள், செய்த வேலையே பெயராக இருக்கிறது. ராஜபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனார். திருச்செந்தூர் பக்கம் அருஞ்சுனை காத்த அய்யனார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர், அங்கே 1790களில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் புயல் மழையில் கரையில் ராமரும் லட்சுமணரும் காவல் நிற்பதைப் பார்த்தார் என்று ஐதீகம். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், அதே ராத்திரியில் மண்வெட்டியோடு கரையில் நின்ற ஆட்களின் பெயர் எங்கே என்றுதான் எனக்குத் தோன்றும். பழைய கல்வெட்டுகளின் முடிவில் ஒரு வரி அடிக்கடி வரும்: இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல். தானம் கொடுத்தவர், தனக்குப் பின்னால் காக்கப் போகிற, முகம் தெரியாத ஒருவரின் காலைத் தன் தலையில் வைத்துக்கொள்கிறார்.

இன்றைக்கும் சில ஊர்களில் நீர்க்கட்டிகள் இருக்கிறார்கள். பல ஊர்களில் போர்வெல் வந்த பிறகு அந்த வேலையே நின்றுவிட்டது, மடையில் இரும்பு ஷட்டர், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் பத்துப் பேர் பத்து பதில் சொல்வார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரிக்கோ குளத்துக்கோ காவல் இருந்தவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், கூலி நெல்லா பணமா, கடைசியாகச் செய்தவர் இருக்கிறாரா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். அவர்களில் யாராவது பேச விரும்பினால் நான் கேமராவோடு வந்துவிடுகிறேன். அடுத்த வீடியோ கலிங்குக் கற்களைப் பற்றி.